பொய்ப்பல்

இரவு ஒன்பது. என் பட்டறையின் பின்வாசல்.
மேயர் வேட்பாளர் ஹோல்ட்ஸிங்கர் வாயைத் திறந்தார்.
மேல்வரிசையில் நான்கு இல்லை.
"ரசீதில் மனைவி பெயர் போடுங்கள்.
கட்சிக்காரர்கள் கேட்டால்
நான் இங்கே வந்ததே இல்லை."

இன்று தொலைக்காட்சியில்:
"முஸ்லிம்களுக்குப் பொய் சொல்ல
மதமே அனுமதி தருகிறது.
சிரிப்பார்கள். நம்பாதீர்கள்."
'சி' வரும்போதெல்லாம் மெல்லிய விசில்.
இடப்பக்கம் அரை மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும்.

கிராட்ஸ் முழுக்க, டிராம் நிறுத்தம்தோறும் சுவரொட்டி:
'நேர்மை' என்ற சொல்லுக்கு மேலே
நான் செய்த நான்கும் பளிச்சென்று.

"அவரை நேரில் பார்த்திருக்கிறாயா, செனாதா?"
கேட்டாள் பூக்கடை உல்ரிகே.
இல்லை என்றேன்.

பாருங்கள்,
அவர் பேச்சுக்கு ஆதாரமும் கிடைத்துவிட்டது.

வியாழன் இரவு வருவார்,
விசிலை நிறுத்த.