நாலு வரிசை

ரேடியோவில் பூப்பனி என்று சொல்லவில்லை.
ராத்திரி எட்டுக்கே வானம்
துலக்கிக் கவிழ்த்த சட்டி,
ஒரு துண்டு மேகமில்லை.
எனக்கு அது போதும்.

கந்தப்பளையில் தை மாசம்
மூன்று மணிக்கு எழும்புகிறவள்
ஒன்று கைப்பிள்ளைக்காரி,
இல்லையென்றால் கிழங்கு போட்டவள்.
நான் இரண்டும்.

லயத்துக்குப் பின்னால் எட்டு பேர்ச் மண்.
லீக்ஸ் பற்றிக் கவலையில்லை,
குளிரைக் குடித்துத்தான் தண்டு தடிக்கும்.
கரட் மண்ணைப் போர்த்திக்கொண்டு இனிக்கும்.
உருளைக்கிழங்கு இலைக்குத்தான் ரோசம்:
பனி இருக்கும்போதே வெயில் தொட்டால்
பத்து மணிக்குள் அவித்த கீரை.
வெயிலுக்கு முந்தித் தண்ணீர் தொடவேண்டும்.

பீலியில் வாளி வைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் விரல்கள் யாருடையவோ ஆயின.
கடைசிப் பாத்தி நனைந்தும்
விடியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் சவரியானின் கிழங்கு.
போன போகம் ஒரு சாண் உள்ளே வெட்டினான்,
அதிலிருந்து பேச்சில்லை.
மகளை நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு
வாங்கில் படுத்திருப்பான் இந்நேரம்.

இரக்கமெல்லாம் இல்லை.
வாளி கையில் இருந்தது, ஊற்றினேன்.
நாலாவது வரிசை முடியும்போது
டர்பன்டைன் மரங்களுக்கு மேலே வந்துவிட்டது வெயில்.

மத்தியானம் வந்து பார்த்திருக்கிறான்:
ஆறு வரிசை கரி,
நாலு வரிசை பச்சை.

கொழுந்து மடுவம் முழுக்கச் சொல்லித் திரிகிறானாம்,
அந்த நாலுக்கு மட்டும்
கோழி எரு போட்டானாம்.

ரெஜினா வந்து சொன்னாள்.
லீக்ஸுக்கு மண் அணைத்தபடி
"நல்ல எருதான்" என்றேன்.