எத்தனை விதை

கப்ராஸில் ஏப்ரல் பிறந்தால்
காய்கறிக்கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்:
'கவனம். இங்கே பச்சை ஃபாவா அவரை விற்கப்படும்.'
நாய் ஜாக்கிரதை என்பதுபோல.

தம்பி அந்தியோகோவுக்கு
அப்போது வாசிக்கத் தெரியாது.
அடுத்த வீட்டு வேலிக்குள் கைவிட்டு
உரித்து உரித்துத் தின்றான்.
மறுநாள் கண் மஞ்சள்.
அதற்கும் மறுநாள்
கழிப்பறையிலிருந்து கூப்பிட்டான்:
"அக்கா, நான் காப்பியே குடிக்கலையே!"

பிழைத்துக்கொண்டான்.
மீன் ஏலம் போடும் பாக்கிசியோவின் ரத்தம்
ஒரு புட்டி அவனுக்குள் ஓடியது.

இப்போது சசாரியில், மூன்றாம் மாடியில்,
அதே அவரையின் சாரத்தை
உப்புக்கல்லில் பாதியளவு நிறுத்து
மலேரியாக் கிருமி குடியிருக்கும் ரத்தத்தில் விடுகிறேன்.
சத்து இல்லை இது. துரு.
கீழே தானியங்கிப் பெட்டியில் மாதுளைச்சாறு,
'ஆன்டிஆக்சிடன்ட்' என்று தங்க எழுத்து,
துருப்பிடிக்காமல் வாழ மூன்றரை யூரோ.
வாங்கிக் குடித்துவிட்டு மேலேறி
துருப்பிடிக்க வைக்கும் வேலையைத் தொடர்கிறேன்.

தட்டில் இருப்பது என் ரத்தம்தான்.
அப்பா தந்த அணுக்களில் அந்த நொதி உண்டு.
அம்மா தந்தவற்றில் இல்லை.
எனக்குப் பாதி, தம்பிக்கு அதுவே முழுசு.

அம்மாவின் அணுவில்
ஒரு துளி போதும்,
வீடும் போகிறது, குடியிருந்தவனும் போகிறான்.
அப்பாவின் அணுவில்
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
கிருமி கறுத்துச் சுருங்குகிறது
சுவர் நிற்கிறது.
இரண்டு வீட்டுக்கும் பொருந்தும் ஒரே அளவைத்தான்
தேடுகிறோம்.
நோட்டில் பதினேழு எண்கள், பதினேழு அடித்தல்கள்.
பேராசிரியை திதினா எட்டிப்பார்த்து
"கிட்ட வந்துட்டோம்" என்கிறார்,
பதினோராவது அடித்தலின்போதும் சொன்னார்.

ஞாயிறு இரவு அந்தியோகோ அழைத்தான்.
லாரி, பின்னால் மழை.
"அன்னிக்கு எத்தனை விதை தின்னே?"
"எண்ணிக்கிட்டா தின்பாங்க?"
பிறகு நான்
இத்தனை வருஷமும் கேட்காததைக் கேட்டேன்.
எங்கள் வீட்டில் அதன்பின் அது சமைத்ததில்லை,
என் நாக்குக்கு அது தெரியாது.

வைப்பர் நாலைந்து முறை போய்வந்தது.
"பச்சையா இருந்தது," என்றான்,
"தித்திப்பா, கொஞ்சம் கசப்பா.
இன்னொரு கை கிடைக்காதான்னு பார்த்தேன்."