பைப்படி, மைனஸ் பதினெட்டு

தம்பி அனுப்பிய படத்தில்
அவன் புருவத்தில் உப்புப் போலப் பனி.
“டிசம்பர் லீவுக்கு வாங்கக்கா,
புள்ளைங்களுக்கு வானத்துல பச்ச வெளிச்சம் காட்டுறேன்”
என்கிறான்,
நோர்வேயின் வட உச்சியில்
மீன் பெட்டிகளுக்கு மூடி அடிப்பவன்.

சந்திரமோகன் கல்குலேட்டரை எடுத்தார்.
நான் பழைய கொப்பியொன்றின் கடைசிப் பக்கத்தை.

கையுறை நான்கு சோடி.
சின்னவளுக்கு இன்னும் இரண்டு, தொலைப்பாள்.
இருமல் பாணி.
கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் வறுத்து இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா போனோம்.
பஜாரில் அடுக்கடுக்காகத் தொங்கும் ஜாக்கெட்டுகள்:
எங்கோ ஒரு பெக்டரியில் தைத்து, தையல் கோணி,
குளிர்நாட்டைப் பார்க்காமலே
மலையேறி வந்துவிட்டவை.
ஒன்றின் கழுத்துப்பட்டியில்
மைனஸ் இருபது வரை என்றிருந்தது.
“இங்க யாரு இத வாங்குறா?” என்றேன்.
“விடியக்காலம் லீக்ஸுக்குத் தண்ணி அடிக்கிறவங்க, மிஸ்”
என்றான் கடைப் பையன்.

மைனஸ் என்றால் என்ன என்று கேட்டான் மிதுர்ஷன்.
ஆறு வயது.
நம்ம வாசல்தான் பூச்சியம் என்றேன்.
வாசலிலிருந்து பைப்படிக்குப்
பதினெட்டுப் படிகள்.
அன்றிலிருந்து
படிக்கொரு டிகிரி குளிர்ந்தபடி இறங்குகிறான்.
ஐந்தில் கைகள் கக்கத்துக்குள் போகும்.
பன்னிரண்டில் பல் அடிக்கும்.
பைப்படியில் சிலையாவான்.
“மாலை போட்டுட்டா எறங்குறான் ஒங்க மகன்?”
என்று சிரிக்கும் மாலாதேவியக்கா
குடத்தை வைத்துவிட்டு
அவன் முதுகில் தட்டி உருக்க வேண்டும்.

ஒத்திகை பார்த்தோம்.
பனியன், கம்பளி, கம்பளிக்கு மேல் கம்பளி,
ஜாக்கெட், இரண்டு காலுறை, பூட்ஸ், தொப்பி.
ஏழு நிமிடம் நாற்பது செக்கன்.
கடைசிப் பொத்தானை மாட்டி நிமிர்கிறேன்,
தர்ணிகா சொல்கிறாள்:
“அம்மா, ஒண்ணுக்கு.”
உலகத்தின் உச்சிக்குப் போனவர்கள் யாரும்
மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை போல.
இதைப் பற்றி நான் எங்கும் வாசித்ததேயில்லை.

இரவு ரொட்டி சாப்பிடும்போது சொன்னேன்,
அங்கே இரண்டு மாதம் சூரியன் எழும்பாது.
“அப்ப சங்கு எப்ப ஊதுவாங்க?”
தோட்டத்துச் சங்கு ஊதினால்தான் அவனுக்கு விடியும்.
“அங்க சங்கு இல்ல.”
“யாருமே வேலைக்குப் போக மாட்டாங்களா?”
“மாமா இருட்டுல போயி இருட்டுல வருவாரு.”
“அப்பா மாதிரியா?”

ஹட்டன் டிப்போவில் முதல் பஸ் அவருடையது.
மூன்றே முக்காலுக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு
படலையைச் சத்தமில்லாமல் சாத்துகிறவர்
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

விசாப் படிவம் பதினொரு பக்கம்.
நிரந்தர முகவரிக்கு ஒரு விரற்கடைக் கோடு.
தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம்,
எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி எறும்பாக்கினேன்.
சொந்தக் காணியின் உறுதியை இணைக்கவும்.
பேனாவை மூடினேன்.

திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்?

“பதினாலு நாள்தான் லீவு.
பதினஞ்சாம் நாள் மொத பஸ் எடுக்க
வேற ஆளில்லன்னு எழுது” என்றார்.
எழுதினேன்.
அடித்தேன்.
பென்சிலால் திரும்பவும் எழுதினேன்.

நேற்றிரவு தண்ணீர்ப் போத்தல் வைக்க பிரிட்ஜைத் திறந்தால்
ஐஸ் பெட்டிக்குள் தர்ணிகாவின் பொம்மை,
என் ஒற்றைக் காலுறைக்குள் கழுத்துவரை.
தொட்டதும் விரல் ஒட்டியது.
பின்னால் வந்து நின்றாள், பாதித் தூக்கம்.
“எடுக்காதீங்கம்மா. இன்னும் ரெண்டு நாளு.
பழகிரும்.”

மூடினேன்.
கதவைச் சாத்தினால் உள்ளே விளக்கு அணையும் என்பது
அவளுக்குத் தெரியுமா என்று
கேட்கவில்லை.