மூன்றாவது கம்பம்

ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போட்டார்கள்.
விச்சிட்டாவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.
ஆன்டெனாவை இரண்டு முறை தட்ட வேண்டியிருந்தது.

வினிஃப்ரெட் ஓக்லியாக நடித்தவள்
அழகிதான், குறை சொல்ல மாட்டேன்.
ஆனால் இருநூறு மைல் வேகத்தில்
யாருக்கும் கூந்தல் அப்படிப் பறக்காது.
தோல் குல்லாயை இழுத்து மாட்டினால்
காதுகூட வெளியே தெரியாது.

விமானம் சிவப்பாம்.
மஞ்சள்.
தானியக் கொட்டகைக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள்.
கிட்டே போனால் தூரிகை மயிர் ஒட்டியிருக்கும்.

முதல் அரைமணியில்
புருஷன் அவளை விட்டுவிட்டுப் போகிறான்.
போனது அவள். அதுவும் அவனுடைய காரில்.

சோப்புத்தூள் விளம்பரம்.
எழுந்துபோய் ரொட்டி வாட்டினேன்.

திரும்பி வந்தால் ஒமாஹா, முப்பத்தொன்றாம் வருஷம்.
பேண்டு வாத்தியம், வைக்கோல் தொப்பிகள்,
புழுதி கிளப்பி ஐந்து விமானங்கள்.
நாங்கள் ஆறு பேர்.
விரல்விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
தெல்டா க்ராவ்ஸைக் காணோம்.
அதாவது, என்னை.

சரி, இரண்டு மணி நேரப் படத்தில்
எத்தனை பேரைத்தான் ஏற்றுவார்கள்.
ஆனால் என்னை இறக்கிவிட்டால்
அந்த மூன்றாவது கம்பத்துக்கு
அங்கே என்ன வேலை?

எட்டாவது சுற்றில் என் எண்ணெய்க் குழாய் வெடித்தது.
கொதிக்கும் விளக்கெண்ணெய்
கண்ணாடியில், மூக்கில், பல்லில்.
கம்பம் எங்கோ இருந்தது. நான் எங்கோ இருந்தேன்.
பின்னால் வந்த வினியின் பாதையை அடைத்துக்கொண்டு
அகலமாக நழுவினேன், இறங்கிக்கொண்டே.
கையுறையால் ஒரு கண்ணைத் துடைத்தபோது
கீழே, இடப்பக்கம்,
மஞ்சள் இறக்கை.
எனக்கும் அதற்கும் நடுவில் கம்பம்.

உள்பக்கம் புகுந்திருந்தாள்.
புகாவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளம்.
புகுந்தால் போட்டி போச்சு, சட்டம் அப்படி.
ஆனால் பார்த்துக் கொடி காட்ட வேண்டிய மனுஷன்
என் சக்கரம் தலைக்கு வருவதைக் கண்டு
கோதுமைத் தாளில் குப்புறக் கிடந்தான்.

படத்தில் அவள் சுத்தமாகச் சுற்றுகிறாள்.
வயலின்கள். கொடி. கோப்பை.
ஒரு பத்திரிகைக்காரன் முத்தம் கொடுக்க ஓடி வருகிறான்,
அவள் அழுகிறாள்.

அன்று ராத்திரி கொட்டகைக்கு வந்தாள்.
நான் தீக்குச்சியால் காதைக் குடைந்துகொண்டிருந்தேன்,
எண்ணெய் வந்துகொண்டே இருந்தது.
"சொல்லிவிடட்டுமா?" என்றாள்.
"பரிசு எவ்வளவு?" என்றேன்.
"ஆயிரத்து இருநூறு."
"பாதி."
இறக்கைமேல் வைத்து எண்ணினாள்,
அறுபது பத்து டாலர் நோட்டுகள்.
எண்ணி முடித்ததும் பின்பக்கம் போய்
பெட்ரோல் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.
அதை அழுகை என்று காட்டினார்களோ என்னவோ.

புதுக் குழாய் வாங்கினேன். ஒரு பல் கட்டினேன்.
மிச்சம் தம்பி கைமாற்று வாங்கினான்,
செத்தும் போய்விட்டான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.
கடைசிச் சுற்றில், தூரத்துக் காட்சியில்,
அந்தப் பொய்ச் சிவப்பு விமானம்
இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி
கம்பத்தை உரசிக்கொண்டு திரும்பியது.
அது நடிகை இல்லை. அட்டையும் இல்லை.
பொய்முடி வைத்துக்கொண்டு யாரோ ஒருத்தி
நிஜமாகவே திருப்பினாள்.
கம்பளத்தில் என் இடது கால்
தானாக அழுத்திக்கொண்டது.

முடிவில் பெயர்கள் ஓடின.
மண்டியிட்டு, மூக்கைத் திரையில் வைத்துத் தேடினேன்.
தையல்காரர், சமையல்காரர், குதிரைக்காரர்.
பனி குறுக்கே விழுந்தது, பிறகு செய்தி.

காலையில் நிலையத்துக்கு எழுதினேன்:
ஐயா, மூன்றாவது கம்பத்தில் திருப்பிய பெண்ணின்
பெயரும் முகவரியும் வேண்டும்.
காரணம் கேட்க வேண்டாம்.
விமானம் மஞ்சள்.