வெளியேறும் நேரம்

"யாராவது கேட்டால் என் தங்கை என்று சொல்லிவிடுங்கள்.
மூன்று நாள் வாடகைக்கு விட
இங்கே சட்டம் இடம் தராது"
என்று குறுஞ்செய்தி வந்தது.
கேலாங்கில் ஒரு கூட்டுரிமை வீடு, ஏழாம் மாடி.
உரிமையாளரின் முகத்தைப் பார்த்ததில்லை.
சாவி மீட்டர் பெட்டிக்குள்
ஒரு மைலோ டின்னில்.

காவல் கூண்டில் பதிவேடு.
ராஃபியா கயிற்றில் கட்டிய பேனா.
நிரஞ்சனா, ஈப்போ, உறவு: தங்கை
என்று எழுதினேன்.
பவித்ராவும் எழுதிவிட்டுச் சிரித்தாள்:
"எனக்கும் ஓர் அண்ணன் கிடைச்சாச்சு."

வீடு நன்றாகத்தான் இருந்தது.
வெள்ளை விரிப்பு, பாண்டான் வாசம்.
குளியலறைக் குவளையில் மட்டும்
ஒன்பது பல்துலக்கிகள்.
எல்லாம் ஈரமாக.

மறுநாள் தீபாவளிக்கு முந்தின இரவு.
தேக்காச் சந்தை விடிய விடிய.
தலைவலி என்று பவித்ரா வரவில்லை.
நான் மட்டும் போய்
இரண்டு ஜோடி வளையல், ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு
திரும்பியபோது மணி மூன்று தாண்டியிருந்தது.

கூண்டில் ஆள் இல்லை.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
பதிவேடு தானாகப் புரண்டு புரண்டு
ஒரு பக்கத்தில் நின்றது.

ஏழாம் மாடிக்கு
லோகேஸ்வரி, தங்கை.
மெய் லிங், தங்கை.
நூருல் ஹுதா, தங்கை.
உள்ளே வந்த நேரம் அவரவர் கையெழுத்தில்.
வெளியேறிய நேரம் மட்டும்
எல்லாருக்கும் ஒரே கை, ஒரே நீல மை:
3.10
3.10
3.10

பவித்ராவுக்கும்.
தேதி நேற்றையது.

இல்லையே,
காலையில் கோப்பிக் கடையில்
எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாளே,
காயா ரொட்டி வாங்கி...
ரொட்டி அப்படியே இருந்தது.
நான்தான் இரண்டு தட்டையும் காலி செய்தேன்.

என் பெயருக்கு நேரே விரல் வைத்தேன்.
மை விரலில் ஒட்டியது.

கைப்பேசி அதிர்ந்தது. பவித்ரா:
"எங்கடி இருக்க?
அண்ணன் வந்திருக்கார்.
உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கார்."

3.07.

பேனாவை இழுத்தேன்.
'தங்கை' என்ற அந்த ஒரு சொல்லை
அடித்துவிட்டால் போதும்.
எழுதவில்லை.
உதறினேன், உள்ளங்கையில் கிறுக்கினேன்,
வாயில் வைத்து ஊதினேன்.
தாளில் வெறும் கீறல்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
மின்தூக்கியின் சிவப்பு எண்
ஏழில் நின்றிருந்தது.

ஆறு.

ஐந்து.