வினை வரும்வரை

மூன்றாம் மாடி விசாரணை அறையில்
குளிர்சாதனம் பதினெட்டில் நிற்கிறது.
திருமதி புஷ்பகாந்தி, செந்தூல்,
மோட்டார் உதிரிபாகக் கடையில் ஒன்பது வருடம்
கூட்டிப் பெருக்கியவர்,
வாக்கியத்தை ஆரம்பிக்கிறார்.

நான் காத்திருக்கிறேன்.

"போன தீவாளிக்கு முந்தி, மழ பேஞ்சுகிட்டு இருந்தப்ப,
கட மூடுற நேரத்துல, கிராணி மேசகிட்ட வச்சு,
எங்க மூணு மாச சம்பளத்த..."

அதிகாரி என்னைப் பார்க்கிறார்.
எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பேனாவைச் சொடுக்குகிறார்.
மழை வந்துவிட்டது, மேசை வந்துவிட்டது,
சம்பளம்கூட இரண்டாம் வேற்றுமை உருபோடு
யாரோ ஒருவர் கைக்காக நிற்கிறது.
கொடுத்தாரா, எடுத்தாரா, மறுத்தாரா?
மலாயில் இரண்டாம் மூன்றாம் சொல்லுக்குள்
செயலை வைத்தாக வேண்டும் எனக்கு.
தமிழில் அது கடைசி ரயில்.
அது வரும்வரை
எல்லா வேற்றுமைகளும் மூட்டையோடு
நடைமேடையில் உட்கார்ந்திருக்கும்.

"...தர மாட்டேன்னு சொல்லல."

இரண்டு மறுப்பு.
ஒன்று தருவதன்மேல். ஒன்று சொல்வதன்மேல்.
வேறு வேறு கிளை, வேறு வேறு உயரம்.
இரண்டையும் அடித்துக் கழித்து
'தருகிறேன் என்றார்' என்று சொல்லிவிட்டால்
இந்த அம்மாவுக்கு மூன்று மாதம் கிடைக்கலாம்.
எனக்கு வேலை போகலாம்.

"யார் சொல்லவில்லை?"

சரியான கேள்வி. எழுவாய் வரவே இல்லை.
வராவிட்டாலும் நமக்குப் பாதகமில்லை,
சொன்னார் என்றால் வாலில் ஆள் தெரியும்.
ஆனால் சொல்லவில்லைக்கு வாலே கிடையாது.
நான், நீ, அவர், அது,
எல்லோருக்கும் ஒரே இல்லை.

"அதான், அன்னைக்கு வந்த மொதலாளியோட தம்பி."

வந்தது முதலாளியா, தம்பியா?
குறிப்பேட்டின் ஓரத்தில் மரம் வரைகிறேன்,
மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு
தலைகீழாக வரையக் கற்றது,
வேர் மேலே, சொற்கள் கீழே இலைகளாக.
ஒரு மரத்தில் 'வந்த' முதலாளியைப் பிடித்திருக்கிறது.
இன்னொன்றில் அவரைத் தாண்டிப் போய்த் தம்பியை.
அதே நான்கு சொல், அதே வரிசை.
வரிசை காதில் விழும்.
யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார் என்பது விழாது,
காலை எட்டு மணிக்கு மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில்
எது குடும்பம், எது வெறும் கூட்டம் என்று
தெரியாததுபோல.

மலாயில் சொல்கிறேன்:
அடேக் தவுக்கே யாங் டாத்தாங் ஹாரி இத்து.
தம்பி, முதலாளி, வந்த, அன்று.
அவர்களுக்குத் தொடரின் தலை முன்னால்.
நமக்குக் கடைசியில்.
கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பி நிற்கிறது,
குழப்பமும் ஓர் இழை கலையாமல்.
பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு துல்லியமாக
நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

"அப்படியென்றால் வந்தது யார்?"
அதிகாரியின் கேள்வியைத் தமிழில் வைக்கிறேன்.
புஷ்பகாந்தி என்னைத்தான்
புத்தி மட்டானவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.
"வந்தவருதான்."

பிற்பகலுக்கு ஒத்திவைப்பு.

கீழே மாமாக் கடையில் பையன் உள்ளே பார்த்துக் கத்துகிறான்:
"தே தாரிக் சத்து, குராங் மானிஸ்!"
வினை இல்லை, உருபு இல்லை,
யாருக்கு என்றுகூட இல்லை.
தேநீர் வருகிறது.

பக்கத்து மேசையில் அவர்.
பிளாஸ்டிக் பைக்குள் பழைய சம்பளச் சீட்டுகள்,
ரப்பர் வளையம் போட்டு.
சாட்சியிடம் வழக்கைப் பற்றி நான் பேசக் கூடாது.
"நான் சொன்னது சரியா போய்ச் சேந்துச்சா தங்கச்சி?"

குவளையின் நுரையைப் பார்க்கிறேன்.
ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்,
இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி,
எழுதிவைக்க எந்தக் குமாஸ்தாவும் இல்லாத அந்த இடத்தில்
மெல்ல அசைகிறது
என் தலை.