மொய்ம்பன்

வேலந்தாவளத்தில் எடைமேடை. இரவு ஷிப்ட்.
தக்காளி லாரி, வைக்கோல் லாரி,
வைக்கோல் என்று சொல்லிக்கொண்டு வரும் லாரி.
ரசீதின் அடியில் என் பெயர் அச்சாகும்:
இயக்குநர், மொய்ம்பன்.
ஓட்டுநர்கள் எடையை விட்டுவிட்டு
அதைத்தான் படிப்பார்கள்.

"மொய் எழுதறவருங்களா?" என்பார்கள்.
கேட்டுக் கேட்டு அது மெய்யாகவே ஆகிவிட்டது.
எருத்தேம்பதியில் கல்யாணம் என்றாலும்
கொழிஞ்சாம்பாறையில் காதுகுத்து என்றாலும்
வாசலில் நோட்டும் பேனாவும் என்னிடம்.
பேரிலேயே இருக்குதே, வேற ஆரைக் கூப்பிட?

பஞ்சாயத்து ஆபீஸில் பெயரைச் சொன்னேன்.
திரும்பவும் சொன்னேன்.
மூன்றாம் தரம் எழுத்தர் தலையசைத்தார்,
"மனசிலாயி."
அந்த வருஷ ரேஷன் கார்டில்
மொய்தீன், தகப்பன் மாரப்பன்.
நோன்புக் கஞ்சிக்கு ஆள் வந்து கூப்பிட்டது.
போனேன். தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி.
திருத்த மனு எழுதியும்
அடுத்த நோன்புவரை சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

பெயரைக் கேட்டு கபடியில் சேர்த்த மாஸ்டர்
ஆளைப் பார்த்து
விசிலை என் கையில் கொடுத்தார்.
எண்கணிதக்காரர் நடுவிலிருக்கும் 'ம்' ஆகாது,
எடுத்துவிட்டால் பணம் கொட்டும் என்றார்.
எடுத்துச் சொல்லிப் பார்த்தேன்.
வாய்க்குள் பல் விழுந்த இடம் போல இருந்தது.

அப்பா வைத்த பெயர்.
மார்க்கெட்டில் சுமை இறக்கியவர், நீலச் சட்டை.
வாசகசாலையில் எழுத்துக் கூட்டி
ஒரு அகராதியை இரண்டு மழைக்காலம் படித்திருக்கிறார்.
"வலுவானவன்னு அர்த்தமுங்க" என்பார் கேட்டவர்களிடம்.
கேட்டவர் என்னைப் பார்ப்பார்.
ஆடி மாதம் கணவாய்க் காற்று வந்தால்
வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான்.
பிறகு அப்பாவைப் பார்ப்பார்.
பிறகு பஸ் வருகிறதா என்று பார்ப்பார்.

ஒருநாள் லாரி வராத நேரத்தில்
நானே மேடையில் ஏறி நின்றேன்.
நாற்பது என்றது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
மிச்சம் ஏழு கிலோ
என்னிடமே இருந்தது, கணக்கில் வராமல்.

போன மாசிக்கு ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காய் லாரி.
ரசீதை வாங்கிய ஓட்டுநர் நகரவில்லை.
"எனக்கும் இதே பேருதானுங்க" என்றார்,
"இருந்துச்சு."
துபாய்க்குப் போகிறபோது கெஜட்டில் மாற்றி
இப்போது மோகன்.
ஆறடி. கதவை மூடினால் வண்டி அசைகிறது.
அந்தப் பெயர் அவரிடமே இருந்திருந்தால்
தையற்காரன் அளவெடுத்தது போல நின்றிருக்கும்.

"அர்த்தம் தெரியுமில்லீங்க?"
"வலு" என்றேன்.
"தோளுன்னும் சொல்வாங்க."
பின்னால் ஹாரன். கிளம்பிவிட்டார்.

தோள்.

அப்பா மூட்டையைத் தோளில் வாங்கினதும் எடை சொல்வார்,
அரைக்கிலோ பிசகாது.
நான் பிறந்தபோது ஒன்றே கால் கிலோ.
பஸ் நின்றுபோன ராத்திரி,
துண்டில் சுற்றி, தோளில் சாய்த்து,
சித்தூர் ஆஸ்பத்திரிவரை நடந்தே போனாராம்.
அம்மாதான் சொல்வாள்.
அவர் சொன்னதில்லை.
நர்ஸ் தராசில் வைக்கும் முன்பே
எடையைச் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலை வீட்டுக்குப் போனேன்.
சவரம் செய்துகொண்டிருந்தார்.
வலது தோள் இடதைவிட இரண்டு விரல் இறங்கி,
மேலே காய்த்துப்போன தோல்.
"தோளுன்னுதான் வெச்சீங்களா?"

கன்னத்தில் சோப்பு நுரை.
கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

"தோளன்னு வெச்சா
இவனுக தோழன்னு எழுதிப்போடுவானுக.
அதான் கஷ்டமான வார்த்தையாப் பாத்தேன்."

ரேசரை மக்கில் போட்டு ஆட்டினார்.

"அப்பவும் எழுதிப்போட்டானுக."